ஜாக்-அப் ரிக் நம் கடலில் நிற்க வேண்டுமானால்: சான்றிதழுக்கு அப்பால் பார்க்க வேண்டியவை

கடலில் எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டும் மேடையான ரிக்கில் வேலைக்குப் போகவிருக்கும் நம் பக்கத்து டிப்ளமோ, ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கும், ஒரு திட்ட அறிக்கை கைக்கு வந்தால் அதைப் பிரித்துப் படிக்க நினைக்கிறவர்களுக்கும் இது. பாக் நீரிணை, மன்னார் வளைகுடாவின் ஆழம் குறைந்த பகுதிகளில் தோண்டும் பேச்சு வந்தால் பெரும்பாலும் ஜாக்-அப் ரிக்கைப் பற்றித்தான் இருக்கும். மிதந்து வந்து, கால்களைக் கடல்தரையில் ஊன்றி, உடலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும் வகை அது.

முதலில் இரண்டு காகிதங்களைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். ஒன்று ரிக்கின் சான்றிதழ். இடம் மாறும் கடல் ரிக்குகளுக்கான சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதித்தொகுப்பு, அதாவது எம்.ஓ.டி.யு. கோடு, 1979-இல் வந்தது, 1989-இலும் 2009-இலும் புதுப்பிக்கப்பட்டது. 2012 ஜனவரி 1 முதல் கட்டத் தொடங்கிய ரிக்குகளுக்கு 2009 பதிப்பு. இன்னொன்று இடத்துக்கான ஆய்வு, அதற்கு ஐ.எஸ்.ஓ. 19905-1 என்ற சர்வதேசத் தரம். முதல் காகிதம் ரிக் நல்லதா என்று சொல்லும். அந்த ரிக் இந்தத் தரையில், இந்தக் காற்றில் நிற்குமா என்பதை இரண்டாவதுதான் சொல்லும். சான்றிதழைக் காட்டி ஆய்வைக் கேட்கவிடாமல் செய்கிறவர்கள் உண்டு, விடக்கூடாது. இந்தியாவில் 2008-ஆம் ஆண்டின் கடல்சார் எண்ணெய், எரிவாயுப் பாதுகாப்பு விதிகளின்படி கண்காணிக்கும் பொறுப்பு எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககமான ஓ.ஐ.எஸ்.டி.க்கு.

தரைதான் பெரிய விஷயம். காலின் அடியில் ஸ்பட்கேன் என்ற அகன்ற பாதம் இருக்கும். அது எவ்வளவு புதையும் என்று கணக்கிட, நிற்கப்போகும் இடத்திலேயே துளையிட்டு மண் எடுக்க வேண்டும். எதிர்பார்க்கும் புதைவுக்குக் கீழேயும் ஸ்பட்கேன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆழம் வரையாவது மண் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்து இடத்து மண் அறிக்கையை ஒட்டிவைத்திருந்தால் ஏற்காதீர்கள். நம் கடலில் பார் (கடலடிப் பாறை) எங்கே, சேறு எங்கே என்பது சிறு தூரத்துக்குள்ளேயே மாறும் என்று வலை விடுகிறவர்களுக்குத் தெரியும். மேலே கெட்டியான பார்த் தட்டு, அதற்கு அடியில் இளகிய களி என்று அமைந்திருந்தால் அதுதான் ஆபத்தான தரை. தட்டு கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு திடீரென உடையும். ஒரு கால் மட்டும் சரசரவென இறங்கும், ரிக் சாயும், மற்றக் கால்கள் வளையும். இதைத்தான் பஞ்ச்-த்ரூ என்கிறார்கள்.

அதைத் தவிர்க்கத்தான் ப்ரீலோடு. மூன்று கால் ரிக்கில், உடலைத் தண்ணீரை விட்டுச் சற்றே தூக்கியதும் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றுவார்கள். பெரும்புயலில் ஒவ்வொரு பாதத்துக்கும் வரக்கூடிய அதிகபட்ச சுமையை இப்போதே கொடுத்துப் பார்ப்பது நோக்கம். நான்கு கால் ரிக்கில் இந்தத் தண்ணீர் தேவைப்படாது. எதிரெதிர் மூலைக் கால்கள் இரண்டின் மேல் எடையை மாற்றியே செய்துவிடலாம். செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

பஞ்ச்-த்ரூ சந்தேகம் உள்ள தரையில் எல்லாக் கால்களுக்கும் ஒரே நேரத்தில் ஏற்றாமல் ஒவ்வொரு காலாக ஏற்றுங்கள். ஏற்றும்போது உடலுக்கும் தண்ணீருக்கும் இடைவெளி ஒன்றரை மீட்டரைத் தாண்ட வேண்டாம். கால் திடீரென இறங்கினாலும் உடல் தண்ணீரில் விழுந்து மிதப்பு பிடித்துக்கொள்ளும். உயரத்தில் வைத்து ப்ரீலோடு செய்தால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. முழுச் சுமை ஏறிய பின் புதைவு நின்றுவிட்டது என்று அளவெடுத்து உறுதியாகும் வரை தண்ணீரை இறக்காதீர்கள். வேலையை முடிக்கும் அவசரத்தில் சுருக்கப்படுவது இந்தக் காத்திருப்பு நேரம்தான்.

காலின் ஒவ்வொரு மூலைத் தூணிலும் பற்சட்டத்தின் (காலை ஏற்றி இறக்கும் பல்சக்கரம் கடிக்கும் சட்டம்) உயரத்தை எடுத்து ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே காலின் தூண்களுக்கிடையே வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் அந்தக் கால் வளைகிறது என்று பொருள். பாதம் சரிவில் உட்கார்ந்திருக்கலாம், அல்லது முன்பு வேறு ரிக் நின்ற பழைய குழிக்குள் சறுக்கிக்கொண்டிருக்கலாம். எத்தனை மில்லிமீட்டர் வரை பொறுக்கலாம் என்பது அந்த ரிக்கின் இயக்கக் கையேட்டில் இருக்கும். தாண்டினால் நிறுத்த வேண்டும். "இன்னும் கொஞ்சம் தூக்கிப் பார்ப்போம்" என்பவர் பேச்சைக் கேட்டால் குறுக்குக் கம்பிகள் மடங்கும்.

ஊன்றும் நாளைத் தேர்ந்தெடுப்பது இங்கே தனிக்கணக்கு. வாடைக்காற்றில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கலங்கும், கச்சான் என்ற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்) கலங்கும். இது ஊரறிந்தது. ஏமாற்றுவது கள்ளக்கடல். உள்ளூரில் காற்றே இருக்காது, ஆனால் தெற்கு இந்தியப் பெருங்கடலிலிருந்து நீண்ட அலை வந்துகொண்டிருக்கும். ரிக் மெதுவாக ஏறி இறங்கும்போது, பாதம் தரையைத் தொடும் அந்தச் சில நிமிடங்களில் ஒவ்வொரு இறக்கமும் காலுக்குச் சம்மட்டி அடி. ஆகவே காற்று முன்னறிவிப்பை மட்டும் பார்த்துக் காலை இறக்காதீர்கள். மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை எச்சரிக்கையில் அலையின் உயரத்தோடு அதன் கால இடைவெளியையும் பாருங்கள்.

அடுத்தது ஏர் கேப், உடலின் அடிப்பாகத்துக்கும் அலையின் முகட்டுக்கும் உள்ள இடைவெளி. எம்.ஓ.டி.யு. கோடு சொல்வது: 1.2 மீட்டர், அல்லது புயல் நீரெழுச்சி, ஓதம் (கடல் ஏற்றவற்றம்), அதிகபட்ச அலைமுகடு மூன்றையும் கூட்டி வந்த உயரத்தில் 10 சதவீதம்; இரண்டில் எது குறைவோ அது. உதாரணத்துக்கு நீரெழுச்சி 2, ஓதம் 0.8, முகடு 7 மீட்டர் என்று வைத்தால் மொத்தம் 9.8, இடைவெளி 0.98 மீட்டர். அப்படியானால் தாழ்ந்த ஓத மட்டத்திலிருந்து அடிப்பாகம் 10.78 மீட்டருக்குக் குறையாமல் நிற்க வேண்டும். பாம்பன் பக்கம் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் இந்தக் கணக்கை அலட்சியமாகப் போடுவதுண்டு. இங்கே மிரட்டுவது ஓதமல்ல, புயல் நீரெழுச்சி. ஆழமில்லாத கடலில் காற்று தள்ளும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிக்கு நடந்தது அது. அறிக்கையில் நீரெழுச்சி எண் எங்கிருந்து வந்தது என்று கட்டாயம் கேளுங்கள்.

இழுத்துவரும்போது கால்கள் மேலே நிற்பதால் எடை உச்சியில் இருக்கும். சாதாரணப் பயணத்தில் 70 நாட் (மணிக்குச் சுமார் 130 கி.மீ.) காற்றையும், கடும்புயலில் 100 நாட் (சுமார் 185 கி.மீ.) காற்றையும் தாங்குமா என்று கணக்குக் காட்டியிருக்க வேண்டும். கணக்கு சரியாக இருந்தும் மூழ்கிய ரிக்குகள் உண்டு. கட்டாத குழாயோ பெட்டியோ மேல்தளத்தில் உருண்டு தொட்டியின் காற்றுப்போக்கிக் குழாயை உடைக்கும், அதன் வழியே தண்ணீர் இறங்கும். புறப்படும் முன் தளத்தில் ஒவ்வொரு பிணைப்பையும் கையால் இழுத்துப் பாருங்கள், ஒவ்வொரு மூடியும் முறுக்கியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

பற்றவைப்புகளைச் சின்னது பெரியது என்று பிரிக்க வேண்டாம். 1980 மார்ச் 27 அன்று வடகடல் எனப்படும் ஐரோப்பியக் கடலில் அலெக்சாண்டர் கீலண்ட் என்ற மிதக்கும் ரிக் கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். விரிசல் தொடங்கியது ஒரு சிறு கருவியைத் தாங்கும் வளையத்தின் பற்றவைப்பில். தாங்கிதானே என்று யாரும் கவனிக்காத இடம்.

தீயணைப்புக்கு ஜாக்-அப்பில் ஒரு தனிச் சிக்கல்: உடலைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் கடல்நீர் இழுக்கும் பம்பு வேலை செய்யாது. அதனால் குறைந்தது 40 கனமீட்டர் தண்ணீர் தொட்டியில் இருக்க வேண்டும். அவசர மின்சாரம் 18 மணி நேரம். உயிர்காப்புப் படகுகள் குறைந்தது இரண்டு தனித்தனி இடங்களில். ஓர் இடத்துப் படகுகள் முழுக்கப் போனாலும் மிச்சமுள்ளவற்றில் எல்லோரும் ஏற முடிய வேண்டும்.

மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு: ரிக்கைச் சுற்றி 500 மீட்டர் பாதுகாப்பு வளையம். கால்களைச் சுற்றி மீன் கூடும், ஆசை வரும். அங்கே சப்ளை கப்பல் திரும்பினால் வல்லம் அதன் கண்ணுக்குத் தெரியாது. இரவில் வெள்ளை விளக்கு இரண்டு சிறு வெட்டும் ஒரு நீள வெட்டுமாக 15 விநாடிக்கு ஒருமுறை மின்னும். அதைக் கண்டால் வலை விடும் முன் நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் என்று பாருங்கள். ரிக்கை நோக்கி இழுத்தால், வலை போய்ச் சேரும் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தள்ளிப்போய் விடுங்கள்.