எரியாத மலைக்கு விமான டிக்கெட்: கொரியத் தீத்திருவிழாப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ்போர்ட்டை மறப்பது, பவர் பேங்குக்குச் சார்ஜ் போடாமல் கிளம்புவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை எந்தப் பயணத்துக்கும் பொது. கொரியாவில் தீயைப் பார்க்கப் போகிறவர்களுக்கென்றே சில பள்ளங்கள் இருக்கின்றன. முன்னே போனவர்கள் விழுந்த அதே இடத்தில்தான் புதிதாகப் போகிறவர்களும் விழுகிறார்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘கொரியத் தீத்திருவிழா’ என்று தேடினால் மூன்று வேறு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்து வரும். ஒன்று, ஜெஜு தீவில் மலைச்சரிவுப் புல்லை எரிப்பது. இரண்டாவது, தண்ணீருக்கு மேல் கட்டிய கயிறுகளிலிருந்து கரித்தூள் பொறி உதிர்வது: ஹமானின் நாக்வா நோரியும் அண்டோங்கின் ஜுல்புல் நோரியும் இந்த வகை. மூன்றாவது, ஆண்டின் முதல் முழுநிலவன்று தல்ஜிப் என்ற ‘நிலா வீட்டை’க் கொளுத்துவது. இவற்றுக்கு மாதம், ஊர், போகும் வழி எதுவும் பொது இல்லை. ஒன்றின் படத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்றுக்கு டிக்கெட் போடுகிறவர்கள் நிறைய.

பழைய படத்தை நம்பி ஜெஜுவுக்குக் கிளம்புவது

பணமும் விடுமுறையும் ஒருசேரப் போவது இந்த ஒரு தவறில்தான். தவிர்ப்பதற்கு ஐந்து நிமிடத் தேடல் போதும் என்பதால், ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எரிச்சல் வருகிறது.

படம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். இரவு வானம், கூம்பு மாதிரி ஒரு மலை, அதன் முகம் முழுக்கத் தீ. அது ஜெஜுவின் மேற்குப் பக்கம் ஏவோல் பகுதியில் உள்ள சேபியோல் ஓரும். ‘ஓரும்’ என்றால் ஜெஜு வழக்கில் சிறிய எரிமலைக் குன்று. இதன் உயரம் கடல்மட்டத்திலிருந்து 519 மீட்டர். குளிர்காலம் முடியும்போது மேய்ச்சல் நிலத்தின் காய்ந்த புல்லைக் கொளுத்தி, உண்ணிகளை ஒழித்து, மாட்டுக்கும் குதிரைக்கும் புதுப்புல் முளைக்க வழிசெய்வது தீவின் பழைய வழக்கம். அதை 1997இல் திருவிழாவாக்கினார்கள். 2000 முதல் சேபியோல் ஓரும்தான் களம். முதலில் சந்திர ஆண்டின் முதல் முழுநிலவை ஒட்டி நடந்தது. வானிலைத் தொல்லையால் 2013இல் மார்ச்சுக்கு மாற்றினார்கள்.

இதுவரை எல்லாப் பயணக் குறிப்புகளிலும் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை விட்டுவிடுவது இதற்கு இடையிலும் பின்னும் நடந்ததை. 2011இல் கால்நடைகளுக்குக் கோமாரி பரவியதால் விழாவே இல்லை. 2020இல் கொரோனா. 2022 மார்ச்சில் கொரியாவின் கிழக்குக் கடலோரம் உல்ஜின் பகுதியில் பெரும் காட்டுத்தீ, விழா ரத்து. 2023இல் விழா நடந்தது, ஆனால் காட்டுத்தீ எச்சரிக்கை உயர்த்தப்பட்டதால் தொடங்கும் தருவாயில் மலையெரிப்பை நீக்கினார்கள். மேடையும் கடைகளும் இருந்தன, தீ இல்லை. அதன்பின் இந்த எரிப்பு வேண்டுமா என்று தீவு மக்களிடமே முறையாகக் கருத்துக் கேட்டு, 2024இல் விழாவை நிறுத்திவைத்தார்கள். 2025 மார்ச்சில் விழா திரும்பி வந்தது. மலையில் உண்மைத் தீக்குப் பதிலாக ஒளியால் வரைந்த தீ. அதுவும் பலத்த காற்றால் இரண்டாம் நாளிலேயே நின்றுபோனது.

இதைத் தற்செயல்களின் வரிசை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கொரியாவில் பொதுவாகப் பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மே நடுப்பகுதி வரை வசந்தக் காட்டுத்தீ எச்சரிக்கைக் காலம். குளிர்காலம் முழுதும் மழை குறைவு, தரையில் காய்ந்த சருகு, மேலே வறண்ட வேகக் காற்று. காட்டிலும் அதை ஒட்டிய 100 மீட்டருக்குள்ளும் தீ மூட்டச் சட்டத் தடை உண்டு. 2025 மார்ச்சில் உய்சோங்கில் தொடங்கிய தீ அண்டோங் வரை பரவி, உலகப் பாரம்பரியச் சின்னமான ஹாஹ்வே கிராமத்தின் அருகே வந்தது. அப்படி ஒரு வசந்தத்தைப் பார்த்த நாட்டில், வேடிக்கைக்காக ஒரு மலையைக் கொளுத்த எந்த அதிகாரியும் எளிதில் கையெழுத்துப் போட மாட்டார்.

ஆகவே டிக்கெட் போடுவதற்கு முன்: விழாவின் பெயரைக் கொரிய எழுத்தில் தேடி, அந்த ஆண்டின் அறிவிப்பை மொழிபெயர்ப்புச் செயலியில் ஓட்டிப் படியுங்கள். தேட வேண்டியது தேதியை அல்ல. மலையில் வைப்பது உண்மைத் தீயா, ஒளிக்காட்சியா என்ற ஒரு வரியை. ‘தீ’ என்ற சொல் விழாவின் பெயரிலேயே இருப்பதால் ஆங்கிலச் சுருக்கத்தில் இந்த வேறுபாடு தெரியாது. ஒளிக்காட்சிதான் என்றாலும் ஜெஜுவுக்குப் போகக் காரணங்கள் இருக்கின்றன. தீ அவற்றில் ஒன்றில்லை, அவ்வளவுதான்.

கண்ணால் தீயைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் எங்கள் தேர்வு அண்டோங். ஹாஹ்வே கிராமத்தின் ஜுல்புல் நோரி அண்மை ஆண்டுகளில் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் சில சனிக்கிழமைகளில் நடக்கிறது. அது வசந்தக் காட்டுத்தீக் காலத்துக்கு வெளியே. அடியில் நக்தோங் ஆறு. ஒரு நாள் மழையில் போனால் அடுத்த தேதியும் இருக்கிறது. தேதிப் பட்டியல் ஆண்டுதோறும் புதிதாக வரும்.

போன ஆண்டுத் தேதியை வைத்து இந்த ஆண்டுக்குத் திட்டமிடுவது

தல்ஜிப் எரியும் நாள் தேபோரும், அதாவது சந்திர ஆண்டின் முதல் மாதம் 15ஆம் நாள். ஹமானின் நாக்வா நோரி புத்தர் பிறந்தநாளை ஒட்டி, நான்காம் மாதம் 8ஆம் நாள். நம் தைப்பூசம் ஆண்டுக்கு ஆண்டு நகர்வதுபோல இவையும் நகரும். தேபோரும் 2024இல் பிப்ரவரி 24, 2025இல் பிப்ரவரி 12, 2026இல் மார்ச் 3. புத்தர் பிறந்தநாள் 2025இல் மே 5, 2026இல் மே 24, 2027இல் மே 13.

இதற்குள் இன்னொரு சிக்கல் உண்டு. சீன நாட்காட்டியில் பார்த்துவிட்டு கொரியாவுக்கும் அதுவே என்று நினைப்பது. பெரும்பாலான ஆண்டுகளில் சரியாகத்தான் வரும். 2027இல் வராது: அமாவாசைக் கணம் பெய்ஜிங்கில் பிப்ரவரி 6 நள்ளிரவுக்குச் சற்று முன், சியோலில் ஒரு மணி நேரம் முன்னே ஓடும் கடிகாரத்தில் பிப்ரவரி 7. எனவே கொரியாவின் புத்தாண்டு பிப்ரவரி 7, தேபோரும் பிப்ரவரி 21. சீனக் கணக்கில் போனால் ஒரு நாள் முன்னதாகப் போய் நிற்பீர்கள்.

ஹமானுக்கு முன்பதிவு இல்லாமல் போவது

ஹமான் சுமார் 60,000 பேர் வாழும் சிறு மாவட்டம். விழா நடக்கும் முஜின்ஜோங் 1567இல் முதலில் கட்டிய மண்டபம். அதன் முன்னே ஒரு சிறு குளம். 2023 மே மாதம் அந்தக் குளத்தைச் சுற்றி நிற்க 50,000க்கும் மேற்பட்டோர் கிளம்பி வந்தார்கள். சாலைகள் அடைத்து நின்றன, கைபேசித் தொடர்பு தடைப்பட்டது, பலர் பொறியையே பார்க்காமல் திரும்பினார்கள். மாவட்ட நிர்வாகம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 2024 முதல் முன்பதிவு முறை வந்துவிட்டது. இடங்கள் திறந்த சற்று நேரத்திலேயே தீரும்.

கொரிய முன்பதிவுத் தளங்கள் பலவும் கொரியக் கைபேசி எண்ணில் அடையாளச் சரிபார்ப்பு கேட்கும். திறக்கும் நாளன்று அதைக் கண்டுபிடித்தால் தாமதம். அங்கே வேலை செய்கிற, படிக்கிற நண்பர் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் வெளிநாட்டவருக்குத் தனி வழி இருக்கிறதா என்று மாவட்டச் சுற்றுலா அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். தங்குவதற்கு ஹமானைவிடப் பக்கத்து நகரங்களான மாசான் அல்லது ஜின்ஜு வசதி.

வாணவேடிக்கை என்று நினைத்துப் பாதியில் எழுவது

நாக்வாவில் வெடிமருந்து கிடையாது. ஹமானில் கருவாலி (ஓக்) இன மரத்தின் கரியைத் தூளாக்கி, ஹன்ஜி என்ற கொரியக் காகிதத்தில் சுருட்டி, முறுக்கித் திரியாக்குகிறார்கள். அப்படி ஆயிரக்கணக்கான திரிகளைக் குளத்துக்கு மேல் கம்பிகளில் தொங்கவிட்டு ஒவ்வொன்றாகப் பற்ற வைப்பார்கள். கார்த்திகைக்கு மாவலி சுற்றியவர்களுக்குச் சொல்லாமலே புரியும்: பனம்பூக் கரித்தூள் பொறி விடுவதும் இதுவும் ஒரே வேதியியல். சத்தம் வராது, பூ விரியாது. வெளிச்சம் இருக்கும்போது பற்ற வைப்பதால் முதல் அரைமணி நேரம் புகை மட்டும்தான் தெரியும். ‘இவ்வளவுதானா’ என்று எழுந்து போகிறவர்கள், நன்றாக இருட்டிய பிறகு குளம் முழுக்கப் பொன்மழையாகும் நேரத்தைத் தவறவிடுகிறார்கள். மொத்தம் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அண்டோங்கிலும் இதே பொறுமை வேண்டும். 64 மீட்டர் உயரமுள்ள பூயோங்தே பாறையிலிருந்து இக்கரையின் பைன் தோப்புவரை கயிறு இழுத்திருப்பார்கள். நெருப்பு அதில் மெதுவாக நகரும். நடுநடுவே கூட்டம் சேர்ந்து “நாக்வாயா!” என்று கத்தும். அப்போது கயிற்றைப் பார்க்காதீர்கள். பாறையின் உச்சியைப் பாருங்கள். எரியும் பைன் கட்டு ஒன்று அங்கிருந்து விழும்.

படம் எடுப்பவர்களுக்கு: முக்காலி, ஐஎஸ்ஓ 200 அளவில், துளை எஃப் 8, திறப்பு 2 முதல் 6 விநாடி. அதற்கு மேல் போனால் பொறிக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெள்ளைத் திட்டாகிவிடும். கைபேசியில் எடுத்தால் வெளிச்ச அளவைக் கையால் குறையுங்கள்.

காற்று பலமாக அடித்தால் திரி சீக்கிரம் எரிந்து தீரும், பொறி பக்கவாட்டில் பறக்கும். மழையில் காகிதம் நனைந்தால் பற்றாது. இரண்டுமே ஒத்திவைக்கும் காரணங்கள். அடுத்த நாளைக் காலியாக வைத்திருங்கள்.

தல்ஜிப்புக்கு இரவு எட்டு மணிக்குப் போவது

நிலவு எழும்போது கொளுத்துவார்கள். பிப்ரவரியில் அது மாலை ஆறு மணி வாக்கில். எட்டு மணிக்குப் போனால் கங்குதான். நம் சொக்கப்பனையைப் போலவே பைன் கிளை, மூங்கில், வைக்கோல் அடுக்கிய கூம்பு. மூங்கில் கணு படாரென்று வெடிக்கும், பொறி காற்றுப் போகும் பக்கம் தெறிக்கும். காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். பறவைக் காய்ச்சல், கோமாரி, வறட்சி எச்சரிக்கை எது வந்தாலும் முதலில் ரத்தாவது இதுதான். ஒரே ஊரை நம்பாமல், பூசான் கடற்கரைகளையும் சேர்த்து இரண்டு மூன்று இடங்களைக் குறித்து வையுங்கள்.

திரும்பும் வண்டியை யோசிக்காதது

சியோலின் சோங்னியாங்னி நிலையத்திலிருந்து அண்டோங்குக்குக் கேடிஎக்ஸ் ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து ஹாஹ்வேக்கு 25 கிலோமீட்டர் அளவு. 210ஆம் எண் நகரப் பேருந்து ஒரு நாளில் சில தடவைதான் ஓடும். அதன் அட்டவணை பகலில் வருகிறவர்களுக்கானது. நெருப்பு அடங்கும் நேரத்தில் கிராமத்தில் நின்று டாக்ஸி தேடினால் கிடைக்காது, ஏனென்றால் ஆயிரக்கணக்கானோர் அதே நேரத்தில் அதையே தேடுவார்கள். விழா நாள் ஷட்டில் உண்டா, கடைசி வண்டி எப்போது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். இல்லையென்றால் ஹாஹ்வேயிலேயே பழைய ஓட்டு வீடுகளில் அறை கொடுக்கிறார்கள். பல வாரம் முன்பே பிடிக்க வேண்டும். வழி பார்க்க நேவர் மேப் அல்லது காக்கோ மேப்.

ஜெஜுவின் விசா சலுகையை நாடு முழுக்க நீட்டுவது

விசா இல்லாமல் ஜெஜுவில் இறங்க விடும் அந்தச் சலுகை தீவுக்குள் மட்டும். அண்டோங், ஹமான், பூசான் எல்லாம் பெருநிலம். இந்தியக் கடவுச்சீட்டுக்குக் கொரிய விசா வேண்டும்.

நைலான் ஜாக்கெட்

பொறி பட்ட இடத்தில் ஓட்டை. மேலே பருத்தியோ கம்பளியோ போடுங்கள்.

ட்ரோன்

வேண்டாம். இரவில் பறக்கவிடத் தனி அனுமதி வேண்டும், கீழே கூட்டம், நடுவே எரியும் கயிறு.