தொப்புள் கொடி விழும்வரை: பச்சைக்குழந்தைக்குத் தொற்று வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கிளிப் போட்டு விட்டிருக்கும் கொடித்துண்டு உயிரற்ற சதைதான். ஆனால் அதனுள்ளே இருக்கும் ரத்தக்குழாய்கள் முழுதாக மூடச் சில நாளாகும். அந்த வழியாகக் கிருமி புகுந்தால் நேரே ரத்தத்தில் கலந்துவிடும்.

1. குழந்தையைத் தொடுமுன் மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, சோப்பு போட்டு 40 முதல் 60 விநாடி வரை கை கழுவுங்கள். விரல் இடுக்கு, நகக்கண் விட்டுப்போகக் கூடாது. கழுவிய கையை முந்தானையில் துடைத்தால் கழுவியதே வீண். காற்றில் உலரட்டும். பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்கும் இதே விதிதான், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

2. கொடியில் எதுவும் பூசாதீர்கள். வீட்டில் சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். விபூதி, மஞ்சள், எண்ணெய், வசம்புக் கரி, பவுடர் எல்லாமே ஈரத்தைப் பிடித்துவைத்துக் கிருமி வளர இடம் கொடுக்கும். மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கும். சாணச் சாம்பலைச் சுத்தமானது என்று நம்பிவிட முடியாது. ஸ்பிரிட் தடவினால் கொடி விழத் தாமதமாகும். நேபாளத்தில் கொடியில் பூச 4 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் களிம்பு கொடுக்கிறார்கள். கண்டதையும் பூசும் வழக்கம் பரவலாக உள்ள இடங்களுக்கு மட்டுமே உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைக்கிறது. நீங்களாகக் கடையில் வாங்க வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

3. நாப்கினைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். மேலே ஏறினால் சிறுநீரில் கொடி ஊறும். மலம் பட்டுவிட்டால் கொதித்து ஆறிய நீரும் சோப்பும் கொண்டு கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள்.

4. முதல் 24 மணி நேரம் குளிப்பாட்ட வேண்டாம். பிறகும் கொடி விழும்வரை ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

5. ஒரு நூலில் தொங்கினாலும் இழுக்காதீர்கள், ரத்தம் கசியும். பொதுவாக 5 முதல் 15 நாளில் தானே விழும்.

கொடியைச் சுற்றித் தோல் சிவந்து பரவுதல், சீழ், துர்நாற்றம் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, வலிப்பு, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, உடல் வெப்பம் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடுவது அல்லது உடல் சில்லிட்டுப்போவது: இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். பச்சைக்குழந்தைக்குத் தொற்று முற்றினாலும் காய்ச்சல் வராமலே இருக்கலாம். வண்டி வரும்வரை குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து, மேலே துணி போர்த்தி வையுங்கள்.