கூலி பாக்கி நின்றால் என்ன செய்வது? பெங்களூர்ப் பக்கத் தோட்ட வேலைக்காரர்களுக்கு

ஆனேக்கல், தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம் பக்கத்து ரோஜாத் தோட்டங்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் நம் ஊர்களிலிருந்து வேலைக்கு வருபவர்கள் உண்டு. "நாலு வாரக் கூலி நிக்குதுங்க, யாரைப் போய்க் கேக்கறது?" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கணக்கு எழுதி வச்சிருக்கீங்களா?"

முதல் வேலை இதுதான். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அன்றன்றைக்குச் சாயங்காலமே எழுதிவிடுங்கள்:

"12, செவ்வாய். காலை 6 முதல் மாலை 5. பூ வெட்டினேன், மத்தியானம் மருந்து அடித்தேன். கையில் 200, மேஸ்திரி கொடுத்தார்."

எழுதத் தெரியாது என்று தயங்க வேண்டாம். திருவண்ணாமலைப் பக்கத்து அக்கா ஒருவர் மாதக் காலண்டரிலேயே குறித்து வைத்திருந்தார். முழு நாளுக்கு வட்டம், அரை நாளுக்குப் பாதி வட்டம், பணம் வாங்கிய நாளில் மட்டும் தொகை. மேஸ்திரி ஏழு வாரம் என்றார். அக்காவின் காலண்டரில் பதினோரு வாரம் இருந்தது. அந்தத் தாள்கள்தான் அவருக்காகப் பேசின. வாரம் ஒருமுறை பக்கத்தைப் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிவிடுங்கள். மேஸ்திரி அனுப்பும் வாட்ஸ்அப் குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள்.

அடுத்தது, எவ்வளவு வர வேண்டும் என்று பார்ப்பது. விவசாய வேலைக்கும் அரசு குறைந்தபட்சக் கூலி வைத்திருக்கிறது. கன்னடத்தில் 'கனிஷ்ட வேதன' என்று கேளுங்கள், உடனே புரியும். ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுப்பது சட்ட விரோதம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நாள் கூலியை அன்றைக்கே வேலை முடிந்ததும் கொடுக்க வேண்டும். வாரக் கூலி என்றால் வாரத்தின் கடைசி வேலை நாளில். வேலையை விட்டு நிறுத்தினால் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும்.

சரி, கேட்டும் தரவில்லையா? மேஸ்திரியோடு நிற்காமல் தோட்டக்காரருக்கும் தேதி, தொகை போட்டு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். அப்புறம் தொழிலாளர் துறை. பெங்களூரில் அதன் அலுவலகம் பன்னார்கட்டா சாலை கார்மிக பவனில் இருக்கிறது. மனு இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். மூன்று வருடத்துக்குள் கோரலாம். பாக்கியோடு, அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கூலியைக் கொடுத்துவிட்டேன் என்று முதலாளி சொன்னால், நிரூபிக்க வேண்டியது அவர்தான். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100 எண்ணில் சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம்.

ஒரு இடத்தில் மட்டும் இந்த வரிசையை விட்டுவிடுங்கள். "அட்வான்ஸைக் கழிக்காமல் ஊருக்குப் போகக் கூடாது" என்று மறித்தாலோ, ஆதாரைப் பிடுங்கி வைத்தாலோ, நோட்டு, மனு எதற்கும் காத்திருக்க வேண்டாம். அப்படிக் கடனைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது கொத்தடிமை முறை. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. நேராகத் தாசில்தாரிடமோ, டெபுடி கமிஷனர் (நம் ஊர்க் கலெக்டர் மாதிரி) அலுவலகத்துக்கோ போகலாம். வெளியே வரவே விடவில்லை என்றால் 112க்கு அடித்து, தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோயில், பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம் எதையாவது அடையாளம் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயர் தெரியாவிட்டாலும் போலீஸ் வந்து சேர அது போதும்.