வலைக்கண் பெரிதானால் களப்பு வெறுமையாகத்தான் தெரியும்

முல்லைத்தீவு வட்டுவாகலில், நீரில் மிதந்து திரியும் சிற்றுயிர்களான பிளாந்தனைப் பிடிக்க வலை இழுக்க வரும் மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். போத்தலில் திகதி எழுத மறப்பதை விட்டுவிடுகிறேன். முடிவையே புரட்டிப்போடும் தவறுகள் வேறு.

ஒரே வலையை நம்புவது

வழக்கமாகக் கையில் கொடுக்கும் வலையின் கண் 200 மைக்ரோமீற்றர். கோபிபொட் என்பது இறால், நண்டு வகையைச் சேர்ந்த சிறு பிளாந்தன்; குளிர்கடலில் வாழும் கலனசு என்ற பெரிய கோபிபொட்டுக்கு அது போதும். நந்திக்கடல் போன்ற களப்பில் ஒயித்தோனா மாதிரிப் பொடி கோபிபொட்களும் இருக்கும். அவற்றின் குடம்பிகள் இன்னும் பொடி. முட்டை பொரித்த பிறகு 6 நோப்பிளியசு (முதற் குடம்பி) நிலை, 5 இளம் நிலை தாண்டித்தான் ஒரு கோபிபொட் முழு வளர்ச்சி அடைகிறது. முதல் நிலைகள் எல்லாம் அந்தக் கண்ணால் நழுவிப்போய்விடும்.

ஒரு மாணவி மாரி முடிந்த கையோடு அப்படி இழுத்து, நுணுக்குக்காட்டியில் கொஞ்சத்தையே எண்ணி, மீன்குஞ்சுக்கு இங்கே இரை இல்லை என்று அறிக்கை எழுதிவிட்டார். பல மீன்குஞ்சுகள் வாய் திறந்ததும் தேடுவது நோப்பிளியசைத்தான். வலை வெளியே விட்டதும் அதைத்தான்! பிறகு அதே இடத்தில் 63 மைக்ரோமீற்றர் அரிப்பில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். தட்டு முழுக்கத் துள்ளியது. ஆனால் அந்தப் பருவம் போனது போனதுதான், பழைய எண்ணிக்கையைத் திருத்த வழியில்லை. இப்படியான அறிக்கையை நம்பி யாராவது களப்பைப் பற்றி முடிவெடுத்தால் நட்டப்படுவது தொழிலுக்குப் போகும் சனம். எனக்கு இன்றும் கோபம் வருவது அதனால்தான்.

சரி, நுண்கண் வலையை மட்டும் இழுத்தால்? பச்சைத் தண்ணீரில் பாசி அடைத்து, நீர் உள்ளே போகாமல் பக்கத்தால் ஒதுங்கிவிடும். பெரிய கண்ணை இழுங்கள், நுண்கண்ணுக்கு வாளியால் அளந்து ஊற்றுங்கள்.

பகலில் மட்டும் அள்ளுவது

பல கோபிபொட்கள் மீனின் கண்ணுக்குத் தப்ப, பகலில் அடியில் கிடந்து பொழுதுபட்ட பின் தாவரப் பிளாந்தன் மேய மேலே வரும். ஆழ்கடலில் இந்த ஏற்ற இறக்கம் நூற்றுக்கணக்கான மீற்றர். மேலே தின்றதைக் கீழே கழிப்பதால் காபனும் ஆழத்துக்கு இறங்குகிறது. களப்பு ஆழமில்லைத்தான், அப்படியும் இரவில் ஒருமுறை அள்ளுங்கள்.

உவர்ப்பை அளக்காமல் திரும்புவது

களப்பைக் கடலோடு சேர்க்கும் தொடுவாயை வெட்டுமுன் ஒரு கூட்டம், வெட்டி உவர்ப்பு மாறிய பின் வேறு கூட்டம்.

கிணற்றுநீரால் வலை கழுவுவது

கூடாது.

போமலினைப் பிந்தி ஊற்றுவது

போத்தலுக்குள் அம்புப்புழுக்கள் மற்றவற்றைத் தின்றுகொண்டிருக்கும், வெயிலில் செத்தவை சிதைந்துவிடும். வள்ளத்தை விட்டு இறங்கமுன், பதப்படுத்தும் போமலினை ஊற்றிப் போத்தலில் அதை 4 வீதம் ஆக்கிவிடுங்கள்.