பம்பை நோக்கி ஊர்ந்த கடல் சாமந்தி

வெள்ளவத்தை வீட்டு உப்புநீர்த் தொட்டியில் என் கடல் சாமந்தி (sea anemone, பூப்போல இருக்கும் கடல் விலங்கு), தண்ணீரில் அலை எழுப்பும் பம்பை நோக்கி ஊர்ந்துபோய்க் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. பம்பில் சிக்கினால் கிழிந்துவிடும். செத்து அழுகினால் தொட்டித் தண்ணீரே நஞ்சாகும். உடனே பம்பை நிறுத்தினேன்.

பிடித்து இழுக்கவே கூடாது, ஒட்டிக்கொள்ளும் அடிப்பாகமான பாதம் கிழிந்தால் பிழைப்பது கஷ்டம். கல்லில் ஒட்டியிருந்தால் கல்லோடே தூக்கி வைக்கலாம், கண்ணாடியில் அந்த வசதி இல்லை. ஐஸ் கட்டிகளைப் பையில் போட்டு, பாதத்துக்கு நேரே கண்ணாடியின் வெளிப்பக்கம் பிடித்தேன். கொழும்பு வெக்கையில் ஐஸ் சீக்கிரம் உருகும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குளிர் பட்டுப் பாதத்தின் ஓரம் மெல்லக் கழன்றது. அப்புறம் கையுறை போட்ட விரலால் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்து, தண்ணீருக்குள்ளேயே பாறை இடுக்கில் வைத்தேன்.

இடம் பிடிக்காவிட்டால் மறுபடி ஊரும் என்பதால் பம்பின் வாய்க்கு ஸ்பொஞ்ச் மாட்டியிருக்கிறேன். அதை அடிக்கடி கழுவ வேண்டும்.