பழைய ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஃபிளஷ்: அவசரப்பட்டுச் செய்கிற தவறுகள்

மாமா புதுச்சேரியில் செகண்ட் ஹேண்டில் ஒரு 2010 மாடல் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார். ஓடியது 1,40,000 கி.மீ. கியர் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ஒரு பில் கூட இல்லை. அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தில் ஏறும்போது இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. யாரோ "ஒரு ஃபிளஷ் போடுங்க, சரியாயிடும்" என்று, அதாவது மெஷின் வைத்து பழைய கியர் ஆயிலை மொத்தமாக வெளியேற்றிப் புதுசு நிரப்பச் சொல்ல, கடலூர் மஞ்சக்குப்பத்தில் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இப்ப ஃபிளஷ் போட்டா காசுதான் போகும். பிளேட்டு தேஞ்சிருக்கு" என்றார்.

நான் அடிக்கடி பார்க்கிற முதல் தவறு இதுதான். ஃபிளஷ் என்பது பராமரிப்பு வேலை, நோய் வந்தபின் கொடுக்கிற மருந்து இல்லை. இப்படி இன்ஜின் சுற்றியும் வண்டி இழுக்காமல் கியர் ஸ்லிப் ஆக ஆரம்பித்துவிட்டால், உள்ளே கிளட்ச் பிளேட்டின் மேல் இருக்கும் உராய்வுப் பூச்சு தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். புது ஆயில் அந்தப் பூச்சைத் திருப்பித் தராது. அது மட்டுமில்லை, வருடக்கணக்கில் படிந்த கசடு ஒரே நேரத்தில் பெயர்ந்து வால்வு பாடியின் (கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் பகுதி) மெல்லிய துளைகளில் போய் அடைத்துக்கொள்ளவும் கூடும். "ஃபிளஷ் போட்டதும் கியர் பாக்ஸ் போயிடுச்சு" என்று சொல்பவர்களின் வண்டிகளில் பல முன்பே சாகக் கிடந்தவை. மாமாவின் பாக்ஸைக் கழற்றியபோது ஒரு பிளேட்டில் பூச்சே இல்லை, வெறும் இரும்பு பளபளத்தது.

சரி, ஸ்லிப் இல்லை, வண்டி ஒழுங்காகத்தான் ஓடுகிறது, ஆனால் ஆயில் மாற்றியதாகத் தெரியவில்லை. அப்போது என்ன செய்வது? முதலில் ஆயிலைப் பாருங்கள். கியர் பாக்ஸின் டிப் ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) எடுத்து ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரில் ஒரு சொட்டு விடுங்கள். சிவப்பாகவோ இளம் பழுப்பாகவோ பரவினால் பயமில்லை. கறுத்து, நடுவில் மண் போல நின்று, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே சூடேறித் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். முகர்ந்து பார்க்கக் கூச்சப்பட வேண்டாம், அந்த வாடை பொய் சொல்லாது.

அளவு பார்ப்பதிலும் தவறு நடக்கிறது. இன்ஜின் ஆயில் மாதிரி காலையில் வண்டி குளிர்ந்து கிடக்கும்போது பார்க்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். ஹோண்டா வண்டிகளில் சூடாக்கியபின் இன்ஜினை அணைத்துவிட்டு உடனே பார்க்க வேண்டும். சில வண்டிகளில் டிப் ஸ்டிக்கே கிடையாது. வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.

வரலாறு தெரியாத பழைய வண்டிக்கு மெஷின் வைத்து மொத்த ஆயிலையும் ஒரே மூச்சில் மாற்றுவதை விட, கீழே போல்ட்டைத் திறந்து வடித்து அதே அளவு ஊற்றுவதையே நான் சொல்வேன். 8 லிட்டர் பிடிக்கும் பாக்ஸில் இப்படி 4 லிட்டர் வரைதான் வடியும், மீதி பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டரில் (இன்ஜினையும் கியர் பாக்ஸையும் ஆயில் மூலம் இணைக்கும் பகுதி) தங்கிவிடும். அதனால் ஒரு தடவையில் பாதிதான் புதுசு. சில நூறு கி.மீ. ஓட்டி இரண்டாம் தடவை, அப்புறம் மூன்றாம் தடவை செய்தால் கிட்டத்தட்ட 87 சதவீதம் புது ஆயில் ஆகிவிடும். கசடும் மெதுவாகப் பெயரும். வடித்ததை அளந்து வையுங்கள். கண் மதிப்பில் ஊற்றி, கூடினாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை.

முதல் தடவையே கியர் பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் சேம்பரைக் கழற்றச் சொல்லுங்கள். ஃபில்டரையும் மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. சேம்பருக்குள் காந்தம் ஒட்டியிருக்கும். அதில் விபூதியைக் குழைத்த மாதிரி சாம்பல் நிறப் பசை இருந்தால் சாதாரணத் தேய்மானம்தான். விரலில் குத்துகிற மாதிரி இரும்புச் சீவல் கிடைத்தால் ஆயிலுக்குச் செலவு செய்வதை நிறுத்திவிட்டு பாக்ஸைத் திறக்கிற பேச்சை எடுங்கள்.

ஆயில் ரகத்தில் மட்டும் "எல்லாத்துக்கும் ஒண்ணுதான்" என்பவரை நம்பாதீர்கள். டொயோட்டாவில் டி-4 கேட்கிற பாக்ஸுக்கும் டபிள்யூ-எஸ் கேட்கிற பாக்ஸுக்கும் ஆயில் வேறு. கியர் படிகளுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சிவிடி வண்டிக்கு அதற்கென்று தனி ஆயில். ஏஎம்டி என்றால் கிளட்ச்சையும் கியரையும் தானே மாற்றிக்கொள்ளும், ஆனால் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான், அதற்கு இந்த ஃபிளஷ் பேச்சே கிடையாது.

நம்ம பகுதிக்கென்று இன்னொன்று இருக்கிறது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது, அடுத்த நாட்களில் தென்பெண்ணை கடலூருக்குள் புகுந்தது. தண்ணீரில் நின்ற வண்டிகளின் கியர் பாக்ஸுக்குள் மூச்சுக்குழாய் (உள்ளே காற்று போய்வர வைத்திருக்கும் சிறு குழாய்) வழியாகத் தண்ணீர் போகக்கூடும். சூடான பாக்ஸோடு வெள்ளத்தில் இறங்கினால் திடீரெனக் குளிர்ந்து, அதுவே தண்ணீரை உள்ளே இழுக்கும். அப்போது ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் வரும். போர்வெல் தண்ணீரையே ரேடியேட்டருக்கு ஊற்றி, அதற்குள் கியர் ஆயிலைக் குளிர்விக்க இருக்கும் ஆயில் கூலர் அரித்துப்போனாலும் இதே ரோஸ்மில்க்தான். பிளேட்டில் பூச்சை ஒட்டியிருக்கும் பசைக்குத் தண்ணீர் எமன். இங்கே நிதானம் உதவாது. வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், கயிறு கட்டி இழுக்காமல், லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், நிறம் தெளியும் வரை எத்தனை தடவையானாலும் வடித்து ஊற்றச் சொல்லுங்கள். கூலர் ஓட்டைதான் காரணமென்றால் முதலில் அதை மாற்றிவிட்டு, அப்புறம் ஆயில்.