குற்றம் செய்த சிறாரையும் பாதிக்கப்பட்டவரையும் நேருக்கு நேர் அமர்த்துவது எப்படி?

நியூசிலாந்தில் 1989இல் இயற்றப்பட்ட சட்டம், சிறார் குற்ற வழக்குகளில், சிறுவனும் அவன் குடும்பத்தாரும் பாதிக்கப்பட்டவரும் காவலரும் கூடிப் பேசும் குடும்பக் கூட்டத்துக்கு முதலிடம் தந்தது. பிள்ளைகளை உறவுகளிடமிருந்து பிரித்து அரசுக் காப்பகங்களில் அடைப்பதை எதிர்த்த, அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் நெடுநாள் குமுறலும், சுற்றத்தார் கூடிப் பேசித் தீர்க்கும் அவர்களுடைய வழக்கமும் அதற்குப் பின்னணியாக இருந்தன. கொலை போன்ற வழக்குகள் இதில் சேரா. அத்தகைய கூட்டத்தை ஒருங்கிணைப்பவருக்கானது இவ்வழிமுறை.

இரு தரப்பாரையும் முதலில் தனித்தனியே, இயன்றால் அவரவர் வீட்டிலேயே, சந்தியுங்கள். செய்த தவற்றைச் சிறுவன் ஒப்புக்கொள்கிறானா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மறுப்பவனை மன்னிப்புக் கேட்கவைப்பது நீதியன்று. பாதிக்கப்பட்டவரிடம், வருவதும் வராதிருப்பதும் அவர் விருப்பம் என்பதையும், மன்னித்தாக வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவர் வர விரும்பாவிட்டால் எழுதித் தரலாம். தமக்காகப் பேச ஒருவரை அனுப்பலாம். என்னைக் கேட்டால், இந்தச் சந்திப்புகளை அவசரத்தில் முடித்துவிடுவதைவிடக் கூட்டத்தையே தள்ளிவைப்பது மேல்.

கூட்டத்தில் காவல் அதிகாரி நடந்ததை வாசித்த பின், பாதிக்கப்பட்டவர் பேசட்டும். இரவில் கடைக் கண்ணாடியை உடைத்துத் திருடிய ஒரு சிறுவன் எதிரே இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பணத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, "என் கடையை ஏன் தேர்ந்தெடுத்தாய்? மறுபடியும் வருவாயா?" என்று கடைக்காரர் கேட்கக்கூடும். நீதிமன்றத்தில் அவருக்குப் பெரும்பாலும் கிடைக்காத விடை அது. சிறுவன் தலைகுனிந்து வாயடைத்துப் போனால், அவனுக்காக நீங்கள் பேசிவிடாதீர்கள். தாயும் பேசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மௌனம் நீளட்டும்.

அடுத்து, குடும்பத்தாரை மட்டும் அறையில் விட்டு, காவலர், கடைக்காரர், நீங்கள் உட்பட அனைவரும் வெளியேற வேண்டும். இந்த முறையின் உயிர்நாடி இதுவே: ஈடு செய்யும் திட்டத்தைப் பிறர் திணிக்காமல், அவனை வளர்த்தவர்களே வகுக்கிறார்கள். தாத்தாவோ சித்தியோ கேட்கும் கேள்விக்கு அவன் மழுப்ப முடியாது.

அவர்கள் கொண்டுவரும் திட்டத்தை அனைவர் முன்னிலையிலும் படித்து, இசைவு பெறுங்கள். "திருந்தி நடப்பான்" என்பது திட்டமாகாது. எவ்வளவு தொகை, எத்தனை தவணை, எத்தனை மணி நேரச் சமூகப் பணி, யார் மேற்பார்வை, எந்தத் தேதிக்குள் என்றெல்லாம் எழுத வேண்டும். வழக்கு நீதிமன்றத்தில் இருந்தால், நீதிபதியின் ஒப்புதலும் தேவை.

குறித்த தேதி வந்ததும் கடைக்காரரை அழைத்து, சொன்னவை நிறைவேறினவா இல்லையா என்பதை மறைக்காமல் தெரிவியுங்கள்.